எட்டாவது ஆல்பத்தின் ரீங்காரம்

மின்விசிறி சத்தம் போடுகிறதா இல்லையா என்று சொல்வதற்காக ஓர் ஆளுக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் பலர் நம்பமாட்டார்கள். அந்த ஆளின் மாமனாரே கடைசிவரை நம்பவில்லை. ஆனால் மின்விசிறித் தொழிற்சாலையின் பின்பக்கம், சுவரெல்லாம் தடித்த பஞ்சுப் பலகை அடித்த எட்டடிக்கு எட்டடி அறையில், இருபத்தாறு வருடமாக அவர் அந்த வேலையைத்தான் செய்துவந்தார். ஒரு விசிறியை மாட்டுவார்கள், கதவைச் சாத்துவார்கள், அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார். பேரிங் முனகினால் விசிறி திரும்பிப் போகும். மோட்டாரின் கம்பிச்சுருள் ரீங்கரித்தாலும் அதே கதிதான். இரண்டும் இல்லையென்றால் 'சத்தம்: சரி' என்று ஒரு ரப்பர் முத்திரை. அவர் முத்திரை குத்திய விசிறி ஒன்றுகூட சத்தம் என்று புகாராகித் திரும்பி வந்தது கிடையாது. அதனால் தொழிற்சாலையில் அவருக்குக் 'காது' என்று பெயர். புதிதாகச் சேர்ந்தவர்கள் மரியாதை கருதிக் 'காது சார்' என்பார்கள்.

நாளெல்லாம் சத்தத்தைப் பிடித்துத் தண்டிக்கிற மனிதர் வீட்டுக்கு வந்தால் அமைதியைத் தேடுவார் என்று நினைப்பதுதான் நியாயம். காது அப்படியில்லை. தொழிற்சாலையில் எதை எதற்காக நிராகரித்தாரோ, அதையே வீட்டில் விலை கொடுத்து வாங்கிக் கேட்டார். அவருக்குப் பிடித்த ராக் குழுவின் பெயர் 'நாலு நாற்காலி'. குழுவில் இருந்தது மூன்று பேர். மூவரும் நின்றுகொண்டுதான் வாசித்தார்கள். இதில் ஏதோ ஆழ்ந்த பொருள் இருப்பதாகக் காது ஒருமுறை நான்கு பக்கம் எழுதினார்.

பரிசோதனை இசை என்பார்கள். பரிசோதனை யார்மேல் நடக்கிறது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. முதல் ஆல்பத்தில் கிடார் தந்திகளை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே வாசித்தார்கள். கடைசிப் பாட்டு வரும்போது வாசிக்கத் தந்தியில்லை, ஆனாலும் ஆறு நிமிடம் வாசித்தார்கள். மூன்றாவது முழுக்கப் பாடகரின் அலறல். அது ஓடிக்கொண்டிருந்த ஒரு நாள் காதின் மனைவி வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றியபடி, "வலி ஆரம்பிச்சு எவ்வளவு நேரமாச்சாம்?" என்று கேட்டார். அவர் மகப்பேறு மருத்துவமனையில் பதிவுக் கவுண்டரில் இருப்பவர், தொழில்முறைக் கேள்விதான். ஆறாவதில் இல்லாத மொழி ஒன்றை உண்டாக்கிப் பாடினார்கள், ஏழாவதில் அந்த மொழியின் இலக்கணத்தை மீறினார்கள்.

இப்படி இருபத்திரண்டு வருடத்தில் பதினோரு ஆல்பம். ஒவ்வொன்றுக்கும் காது விமர்சனம் எழுதினார், பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டார். வெளியிட்டவர் ஒரு மருந்துக்கடைக்காரர். பகலில் இருமலுக்கு மருந்து விற்றுக்கொண்டே இசைக்கென்று ஒரு மாதப் பத்திரிகையும் நடத்திவந்தார். பத்திரிகைக்கு இருநூற்றுச் சொச்சம் வாசகர்கள். அந்த இருநூறு பேரும் தங்களை இருநூறு பேர் என்று நினைத்ததில்லை. ஒரு தலைமுறை என்று நினைத்தார்கள்.

இப்போது அந்தப் பதினோரு விமர்சனங்களும் புத்தகமாக வரவிருந்தன. காதுக்கு ஐம்பத்தி நாலு வயது, பிள்ளைகள் கிடையாது. தன் பெயர் போட்ட ஒரு பொருள் உலகத்தில் இருக்கப்போவது அவருக்கு இதுதான் முதல்முறை. விசிறியில் முத்திரை எண்தான் இருக்கும், பெயர் இருக்காது. புத்தகத்தின் தலைப்பு: 'நாலு நாற்காலி: ஒரு மலையின் கதை'. அதாவது அந்தக் குழு முதல் ஆல்பத்திலிருந்து, நாலாவதில் ஒரு சறுக்கலைத் தவிர, மெல்ல மெல்ல மேலே ஏறி, எட்டாவதில் உச்சியைத் தொட்டு, பிறகு மூன்று ஆல்பத்தில் மளமளவென்று இறங்கியது என்பதுதான் காதின் கட்சி. எட்டாவதற்கு அவர் போட்டது ஒன்பதே முக்கால். மிச்சக் கால் மதிப்பெண்ணைப் பணிவுக்காகக் கையில் வைத்துக்கொண்டார்.

எட்டாவது ஆல்பம் ஒரே துண்டு, நாற்பத்தொரு நிமிடம். அலறல் கிடையாது, தந்தி அறுபடுவது கிடையாது. நெடுநேரம் ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். பிறகு தரையிலிருந்து ஒரு ரீங்காரம் எழும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் நீடிக்கும். திடீரென்று ஓர் உதறல், நின்றுவிடும். பிறகு பழையபடி மௌனம். அந்த உதறலைப் பற்றிக் காது எழுதிய பத்தியை வாசகர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள்: 'ஒரு பெரிய பிராணி உறக்கத்தில் உயிரை விடுவதைப் போல அது நிற்கிறது, நின்ற பிறகுதான் அதுவரை அது இருந்ததே நமக்குத் தெரிகிறது.'

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அந்த ரீங்காரம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நிமிடத்தில் வந்தது. காது முறையான ஆள். முப்பத்தொரு தடவை கேட்டு, ரீங்காரம் எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்று நோட்டில் குறித்தார். முதல் தடவை நாலாவது நிமிடம், அடுத்த தடவை பத்தொன்பதாவது. கோடையில் கேட்டால் அடிக்கடி வந்தது, நீண்ட நேரம் நின்றது, மழைக்காலத்தில் அபூர்வம். குறுந்தட்டில் பதிந்த இசை எப்படி மாறும் என்று சாதாரண மனிதன் கேட்பான். காது கேட்கவில்லை. கேட்பவரின் மனத்தை அந்த இசை திருப்பிக் கேட்கிறது என்றும், செவியின் விளிம்பில் விதைத்த ஒலி அவரவர் துயரத்துக்கேற்ப முளைக்கிறது என்றும் எழுதினார். 'கோடையில் இந்த ஆல்பம் இன்னும் சோகமானது' என்ற வரியைப் பத்திரிகையின் அட்டையிலேயே போட்டார் மருந்துக்கடைக்காரர்.

வாசகர் கடிதங்கள் குவிந்தன. தனக்கு ஒன்பதாவது நிமிடத்தில் வந்தது என்றார் ஒருவர். தன் அப்பா இறந்த வாரத்தில் இரண்டு தடவை வந்தது என்றார் இன்னொருவர். ஒரே ஒரு ஆள், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், தனக்கு எந்த ரீங்காரமும் கேட்கவில்லை என்று நாலு வரி எழுதினார். காது அடுத்த இதழில் முக்கால் பக்கம் பதில் சொன்னார். 'ஹாரன் சத்தத்தில் வளர்ந்த செவிக்கு மௌனத்தின் நரம்பு பிடிபடாது' என்பது அதில் மிதமான வாக்கியம். ஓட்டுநர் ஆசிரியர் சந்தாவை நிறுத்திக்கொண்டார். இதெல்லாம் நடந்து ஒன்பது வருடம்.

அச்சுக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்புதான் அவர் மனைவி ஃப்ரிட்ஜை மாற்றினார்.

பழைய ஃப்ரிட்ஜ் பதினேழு வருடம் உழைத்தது. ஹாலிலேயே, ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவில் நின்றது. சமையலறையில் அதற்கு இடமில்லை. மனைவியின் தம்பி ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அவர் இரண்டு ஆட்களோடு வந்து பழையதைத் தன் பட்டறைக்குத் தூக்கிப்போனார், புதியதை அதே இடத்தில் வைத்தார்.

"அக்கா, ஓடுதா இல்லையான்னே தெரியாது பாரு. கையை வச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"வீட்டுல ஏற்கனவே ஒருத்தர் அப்படி இருக்காரு," என்றார் மனைவி.

அடுத்த புதன்கிழமை காதுக்கு வார விடுமுறை. மனைவி வேலைக்குப் போன பிறகு, மெய்ப்பு பார்க்கும் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, எட்டாவது ஆல்பத்தை முப்பத்திரண்டாவது தடவையாகப் போட்டார். ஹெட்போன் அவர் போடுவதில்லை. அது அக்கம்பக்கத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு என்பது அவர் கொள்கை. பத்து நிமிடம் போயிற்று, இருபது போயிற்று. நாற்பத்தொரு நிமிடமும் முடிந்து தட்டு நின்றது. ரீங்காரம் வரவில்லை.

முதலில் தன் மனத்தைச் சந்தேகப்பட்டார். புத்தகம் வருகிற மகிழ்ச்சியில் துயரம் குறைந்துவிட்டதோ என்று நினைத்து, வேண்டுமென்றே சில கவலைகளை வரவழைத்துக்கொண்டு மறுபடி போட்டார். வரவில்லை. தட்டைத் துடைத்தார். ஸ்பீக்கர் வயரைக் கழற்றி மாட்டினார். பிறகு தண்ணீர் குடிக்கலாமென்று ஃப்ரிட்ஜைத் திறந்தவர், அதன் கதவில் கை வைத்தபடி அப்படியே நின்றார். உள்ளங்கையில் ஒரு மெல்லிய அதிர்வு. காதில் ஒன்றுமில்லை.

இருபத்தாறு வருடம் மோட்டார் ரீங்காரத்தைப் பிடிப்பதற்காகவே சோறு தின்றவர் அவர். எதிர்வீட்டு மாடியில் தண்ணீர் மோட்டார் ஓடினால் எத்தனை ஆம்பியர் என்று சொல்வார். ஆனால் பதினேழு வருடமாகத் தன் முழங்கைக்குப் பக்கத்தில் ஓடிய ஒன்றை அவர் கேட்டதேயில்லை. கேட்டதெல்லாம் அது ஓர் ஆல்பத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டபோதுதான். மற்றப் பத்து ஆல்பத்தின் இரைச்சலில் பத்து ஃப்ரிட்ஜ் ஓடினாலும் தெரியாது. எட்டாவது மட்டும்தான் ஃப்ரிட்ஜ் பேசுவதற்கு இடம் விட்டது.

அன்று மத்தியானமே தட்டையும் சின்னப் பிளேயரையும் மெய்ப்புத் தாள்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மைத்துனரின் பட்டறைக்குப் போனார். பழைய ஃப்ரிட்ஜ் பிரிப்பதற்குத் தயாராக மூலையில் நின்றது.

"இதைக் கொஞ்சம் ஓட விடு."

"எதுக்கு அத்தான்? பிரிக்கப் போறேன்."

"பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை."

மைத்துனர் இணைப்புக் கொடுத்தார். காது ஆல்பத்தைப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடினார். ரீங்காரம் வந்தது, தரையிலிருந்து, எப்போதும் போல. பதினோரு நிமிடம் கழித்து அந்த உதறல். காது கண்ணைத் திறந்தார். பையிலிருந்து மெய்ப்புத் தாளை எடுத்து மைத்துனரிடம் நீட்டி, அந்தப் பத்தியைப் படிக்கச் சொன்னார்.

மைத்துனர் கையைத் துடைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "'தரையிலிருந்து எழுந்து முழங்கால் வழியாக ஏறுகிறது... பெரிய பிராணி உறக்கத்தில் உயிரை விடுவதைப் போல...' அத்தான், இது அப்படியே கம்ப்ரசர் மவுண்ட் ரப்பர் போனதுக்கு உள்ள அறிகுறி. யாரு எழுதினது?"

"நான்தான்."

"அருமையா எழுதியிருக்கீங்க. கஸ்டமருங்க எல்லாம் 'என்னமோ சத்தம் வருது'ன்னு மட்டும்தான் சொல்லுவாங்க. இப்படிச் சொன்னா எங்க வேலை எவ்வளவு சுலபம்! கோடையில ஜாஸ்தின்னும் சரியாப் பிடிச்சிருக்கீங்க. வெயில் காலத்துல கம்ப்ரசர் ஓயாது."

"இது ஃப்ரிட்ஜைப் பத்தி எழுதினது இல்ல."

"பின்ன?"

காது விஷயத்தைச் சொன்னார். மைத்துனர் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடத் தேவலை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "மத்தவங்களும் கேட்டேன்னு எழுதினாங்கன்னீங்களே?" என்றார்.

"நூறு பேருக்கு மேல."

"எல்லார் வீட்டிலயும் ஃப்ரிட்ஜ் இருக்குமில்ல அத்தான்."

இந்த ஒரு வாக்கியத்தில் ஒன்பது வருடத்து வாசகர் கடிதங்கள் மொத்தமும் ஒழுங்காக அடுக்கி உட்கார்ந்துவிட்டன. அப்பா இறந்த வாரத்தில் இரண்டு தடவை வந்தது என்றவர் வீட்டில் அந்த வாரம் உறவினர் கூட்டம். நிமிடத்துக்கு ஒருவர் ஃப்ரிட்ஜைத் திறந்திருப்பார்.

காதுக்கு ஒரே ஒரு சாட்சிதான் மிச்சம். மருந்துக்கடையில் பழைய சந்தாப் பட்டியலைப் புரட்டி, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவரின் எண்ணைப் பிடித்துப் பேசினார். தன்னை இன்னாரென்று சொன்னார்.

"ஞாபகம் இருக்கு சார். ஹாரன் சத்தத்துல வளர்ந்த செவி."

"அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் பேசறேன். ஒரு சின்ன விவரம் மட்டும் சொல்லுங்க. அப்போ உங்க வீட்டுல ஃப்ரிட்ஜ் இருந்துச்சா?"

"என்ன சார் கேள்வி இது? அப்போ எனக்கு வீடே இல்ல. மாடியில ஒத்தை ரூம். ஒரு பாய், ஒரு பாட்டுப் பெட்டி, அவ்வளவுதான்."

இருநூறு வாசகர்களில் அந்த ஆல்பத்தை உள்ளபடி கேட்டவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் செவிடு என்று காது அச்சில் போட்டிருந்தார்.

மறுநாள் மதிய இடைவேளையில், எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, காது பிளேயரோடு தன் சோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த அறையில் தன் ரத்தம் ஓடுவதுகூட அவருக்குக் கேட்கும். எட்டாவது ஆல்பத்தை முதல்முறையாகக் கேட்டார். மூன்று பேர் ஓர் அறையில் சும்மா இருக்கிறார்கள். ஒருவர் மூக்கை உறிஞ்சுகிறார். இருபத்தேழாவது நிமிடத்தில் யாரோ ஒரு பொத்தானை அழுத்திப் பார்க்கிறார்கள். முப்பத்தைந்தில் ஒருவர் இன்னொருவரிடம் ஏதோ கேட்கிறார், அவர் 'ம்ம்' என்கிறார். அவ்வளவுதான். விசிறியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்தியிருக்கலாம். ஆல்பமாக இருப்பதால் இரண்டு மதிப்பெண்.

உச்சி போனால் மலை ஏது? ஏழாவதற்கு அவர் எட்டுப் போட்டதே, எட்டாவதை நோக்கிப் போகிறது என்பதற்காக. ஒன்பதாவதைத் திட்டியதே, எட்டாவதிலிருந்து விழுந்துவிட்டது என்பதற்காக. ஆகவே பதினொன்றையும் சோதனை அறையில் மறுபடி கேட்டுவிடுவது என்று முடிவெடுத்தார். இரண்டு வாரம் மதியச் சாப்பாடு இல்லை. பெரும்பாலானவை முன்பு எப்படியோ அப்படியேதான் இருந்தன, கொஞ்சம் இன்னும் மோசமாக. வம்பு நாலாவது ஆல்பத்தில் வந்தது.

நாலாவது ஆல்பம் அந்தக் குழுவின் அவமானம் என்று இருநூறு பேரும் ஒப்புக்கொண்டது. அதில் பாட்டு இருந்தது. மெட்டு இருந்தது. ஒரு பாட்டில் பல்லவி திரும்ப வேறு வந்தது. அதற்காக அந்தக் குழுவே ஐந்தாவது ஆல்பத்தில் எழுபது நிமிடம் இரும்புத் தகட்டைத் தேய்த்துப் பிராயச்சித்தம் செய்தது. காது அதற்கு மூன்று மதிப்பெண் போட்டு, 'லிஃப்டில் ஒலிக்கத் தகுந்தது. அதுவும் கீழே போகும்போது' என்று எழுதியிருந்தார். இப்போது சோதனை அறையில் அதை ஒருமுறை கேட்டார். சரிபார்க்க வேண்டுமென்று மறுநாள் இன்னொரு முறை கேட்டார். மூன்றாவது நாளும் கேட்டதற்கு அவரால் காரணம் சொல்ல முடியவில்லை. காவலாளி கதவைத் தட்டி, "காது சார், மணி அடிச்சு பத்து நிமிஷமாச்சு," என்றபோது, அவர் கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. உடனே நிறுத்திக்கொண்டார், யாரோ பார்த்துவிட்டதைப் போல.

எட்டாவதைத் திருத்தத் துணிவு வந்தது. நாலாவதை அவர் தொடவில்லை. ஒரு புத்தகத்துக்கு ஒரு தவறு போதும், இரண்டாவதையும் ஒப்புக்கொண்டால் அது வழக்கமாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மையில், ஃப்ரிட்ஜை இசை என்று நம்பியதைச் சொல்வதைவிட, இனிமையான ஒரு பாட்டு தனக்குப் பிடித்துவிட்டதைச் சொல்வது அவருக்கு வெட்கமாக இருந்தது.

மருந்துக்கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டே ஒருவருக்கு வயிற்றுவலி மாத்திரை எடுத்துக் கொடுத்து அனுப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சார், எட்டாவது அத்தியாயம்தான் புத்தகம். மத்தது பத்தும் அதுக்கு அட்டைப் பெட்டி."

"அது பொய்ங்க."

"நீங்க கேட்டீங்களா இல்லையா? கேட்டீங்க. எழுதினீங்களா? எழுதினீங்க. இதுல பொய் எங்க வந்துச்சு? இந்த அலமாரியில பாதி டப்பாவுல இருக்கிறது வெறும் சுண்ணாம்பும் சர்க்கரையும்தான் சார். நம்பிச் சாப்பிடறாங்க, குணமாயிடுது. நான் போயி அவங்க வாயில இருந்து பிடுங்க முடியுமா?"

"நான் முத்திரை போட்டது ஒண்ணு திரும்பி வந்திருக்கு," என்றார் காது. "மாத்தலேன்னா என் பேர் வேண்டாம். புத்தகமும் வேண்டாம்."

மருந்துக்கடைக்காரர் அவரை இப்படிப் பார்த்ததில்லை. அரை மணி நேரம் பேரம் நடந்தது. பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்றார். காது மறுத்தார். அடிக்குறிப்பாகப் போடலாம் என்றார். அதற்கும் மறுப்பு. கடைசியில் எட்டாவது அத்தியாயத்தின் பதினாறு பக்கமும் எடுக்கப்பட்டு, அந்த இடத்தில் மூன்று வாக்கியம் மட்டும் அச்சாயிற்று: 'இந்த ஆல்பத்தை நான் கேட்டபோதெல்லாம் பக்கத்தில் என் வீட்டு ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. நான் புகழ்ந்த ரீங்காரம் ஃப்ரிட்ஜினுடையது. ஆல்பத்துக்கு இரண்டு மதிப்பெண்.' புத்தகத்தின் தலைப்பிலிருந்து மலையையும் எடுத்துவிட்டார்கள்.

வெளியீட்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நூலகத்து மாடி அரங்கில் நடந்தது. காது முதல் வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். வாசகர்கள் கோபப்படுவார்கள், கிண்டல் செய்வார்கள், யாராவது எழுந்து வெளியே போவார்கள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தார். நடந்தவற்றுக்குத்தான் அவர் தயாராக இல்லை.

சிறப்புரை ஆற்றிய கல்லூரிப் பேராசிரியர் நேராக எட்டாவது அத்தியாயத்துக்குப் போனார். "மூன்றே வாக்கியம்! விமர்சன உலகில் இப்படியொரு துணிச்சலை நான் கண்டதில்லை," என்றார். "ஃப்ரிட்ஜ் என்கிறார். எது இந்த ஃப்ரிட்ஜ்? நம் உணர்ச்சிகளை அழுகாமல் காப்பாற்றி வைத்திருக்கிறோமே, அந்த உள்ளக் குளிர்ச்சியல்லவா? அது ஓடுகிறவரைதான் நாம் இசையைக் கேட்கிறோம் என்கிறார். எவ்வளவு நுட்பமான ஒப்புதல்!" அரங்கம் கைதட்டியது. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, அந்த இரண்டு மதிப்பெண் என்பது கேட்பவன், கேட்கப்படுவது என்ற இரண்டைக் குறிக்கிறதா என்று கேட்டார். இருக்கலாம் என்றார் பேராசிரியர்.

காதின் முறை வந்தது. ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றார்.

"நான் சொன்னது ஃப்ரிட்ஜுங்க," என்றார். "நூத்தித் தொண்ணூறு லிட்டர். ஒத்தைக் கதவு. கம்ப்ரசருக்கு அடியில இருக்கிற ரப்பர் தேஞ்சு போச்சு. என் மச்சினர்கிட்ட கேளுங்க, ஸ்பேர் பார்ட்ஸ் இன்னும் இருக்கு."

சிரிப்பும் கைதட்டலும் கூரையைத் தொட்டன. இப்படி உணர்ச்சியே காட்டாமல் அங்கதம் பேசுவது எத்தனை பேருக்கு வரும் என்று பேராசிரியர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது ஒலிபெருக்கியிலேயே விழுந்தது. காது இன்னும் இரண்டு தடவை முயன்றார். ஒவ்வொரு தடவையும் கைதட்டல் அதிகமானதால் இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டார்.

"நான் நம்பறேன்," என்றார் மனைவி.

"நீ நம்பி என்ன? உனக்கு ஃப்ரிட்ஜைத் தெரியும்."

"சரி, அது போகட்டும். இந்தப் பதினொண்ணுல உண்மையிலேயே நல்லா இருக்கறது எது?"

இருபத்திரண்டு வருடத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. வாசகர்கள் எது முக்கியமானது என்று கேட்பார்கள், எது முன்னோடி என்று கேட்பார்கள். நல்லா இருப்பது எது என்று கேட்பது அந்த வட்டத்தில் அநாகரிகம். காது தரையைப் பார்த்தார்.

"நாலாவது."

மனைவி மடியிலிருந்த புத்தகத்தைப் புரட்டினார். "மூணு மார்க் போட்டிருக்கீங்க?"

"ஆமா."

"அப்போ அதுவும் பொய்தானே?"

"அது வேற."

"எப்படி வேற? ஃப்ரிட்ஜ் விஷயத்துலயாவது உங்களுக்குத் தெரியாது, தெரியாம எழுதினீங்க. இது தெரிஞ்சே விட்டிருக்கீங்க."

"அதுல பல்லவி இருக்கு. சிரிப்பாங்க."

"இப்போ மட்டும் என்ன பண்ணாங்களாம்?"

மேடையில் நன்றியுரை ஓடிக்கொண்டிருந்தது. காது மனைவியிடம் பேனா இருக்கிறதா என்று கேட்டார். கவுண்டரில் வேலை செய்பவரிடம் பேனாவுக்கா பஞ்சம். பையிலிருந்து இரண்டு எடுத்துக் கொடுத்தார். காது எழுந்து, அரங்கின் பின்புறம் புத்தகங்கள் அடுக்கியிருந்த மேசைக்குப் போனார். முதல் பிரதியை எடுத்தார், நாற்பத்தி மூன்றாம் பக்கத்தைத் திறந்தார், '3' என்பதை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் '8' என்று எழுதினார். கீழே லிஃப்டைப் பற்றிய வரியை முழுக்க அடித்து, 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்று எழுதினார். அடுத்த பிரதியை எடுத்தார்.

நன்றியுரை முடிந்து கூட்டம் மேசையைச் சூழ்ந்தபோது அவர் இருபத்தைந்தாவது பிரதியில் இருந்தார். கையெழுத்துப் போடுகிறார் என்று நினைத்து வரிசை நின்றது. மருந்துக்கடைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"சார், என்ன பண்றீங்க? முந்நூறு காப்பி சார்! விக்கிற சரக்குல போயி..."

"திரும்பி வந்த சரக்குங்க இது," என்றார் காது. தலையைத் தூக்கவில்லை. மனைவி பக்கத்தில் நின்று அடுத்தடுத்த பிரதிகளில் நாற்பத்தி மூன்றாம் பக்கத்தைத் திறந்து திறந்து நீட்டிக்கொண்டிருந்தார். பதிவுக் கவுண்டரின் வேகம்.

கண்ணாடி போட்ட ஒருவர் தன் பிரதியை வாங்கிக்கொண்டு நாலடி போனவர், பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"சார், இதுல யாரோ கிறுக்கியிருக்காங்க. எனக்கு நல்ல காப்பி ஒண்ணு குடுங்களேன்."

காது அந்தப் பிரதியை வாங்கிக்கொண்டார். அடுக்கிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து, நாற்பத்தி மூன்றாம் பக்கத்தைத் திறந்து, 3-ஐ அடித்து 8 என்று எழுதி, ஊதி மையைக் காயவைத்து, அவரிடம் நீட்டினார்.